மாடி அக்வாபோனிக்ஸுக்கு எந்தக் குழாய்: தள்ளப்படும் நீருக்கும் தானாக இறங்கும் நீருக்கும்

வீட்டு அளவில் அக்வாபோனிக்ஸ், அதாவது மீன் வளரும் நீரையே செடிகளுக்கும் சுழலவிட்டு இரண்டையும் சேர்த்து வளர்க்கும் முறையை, அமைக்க முனைவோர் மீன் வகையைப் பற்றியும் பம்பைப் பற்றியும் நெடுநேரம் யோசிக்கிறார்கள். குழாய் என்று வந்ததும், வீட்டில் மிச்சமிருக்கும் ஹோஸையோ கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் முதல் குழாயையோ பொருத்திவிடுகிறார்கள். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். அக்வாபோனிக்ஸில் மீனின் உயிரும் செடியின் உணவும் ஒரே நீரோட்டத்தை நம்பியிருப்பதால், அந்த நீரைச் சுமக்கும் குழாயைத் தேர்ந்தெடுப்பது அமைப்பின் வேறெந்தப் பகுதிக்கும் குறையாத கவனத்தைக் கேட்கிறது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

ஒப்பிடுவதற்கு ஒரு திட்டமான அமைப்பை எடுத்துக்கொள்வோம். 1000 லிட்டர் மீன் தொட்டி ஒன்று, அதைவிடத் தாழ்வாக ஜல்லி நிரப்பிய வளர்ப்புப் படுகைகள் இரண்டு, எல்லாவற்றுக்கும் கீழே 300 லிட்டர் சம்ப் தொட்டி ஒன்று. சம்பில் இருக்கும் ஒரே பம்பு நீரை மீன் தொட்டிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து வழியும் நீர் கழிவையும் சேர்த்துக்கொண்டு படுகைகளுக்குப் போகிறது. படுகைகளிலிருந்து மீண்டும் சம்புக்கு இறங்குகிறது. ஒரு பம்பு மட்டும் ஏற்றிவிட, மற்ற இடங்களிலெல்லாம் நீர் தன் எடையால் இறங்கட்டும் என்ற இந்த ஏற்பாடு புதிதல்ல. அக்வாபோனிக்ஸ் ஆய்வாளர் ஜேம்ஸ் ரகோசி வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த பெரிய அமைப்பும் ஒரே பம்பில்தான் இயங்கியது. ஆகவே நம் அமைப்பில் பம்பு தள்ளும் நீருக்கான குழாய், தானாக இறங்கும் நீருக்கான குழாய் என்று இரண்டு வகை வேலைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே விடை இல்லை.

கடைகளில் குழாயை அழுத்தத் தாங்குதிறனை வைத்தே விற்கிறார்கள். 4 கிலோ, 6 கிலோ, 10 கிலோ என்று சொல்லப்படுவது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் குழாய் தாங்கக்கூடிய அழுத்தத்தைக் குறிக்கிறது. வீட்டு அக்வாபோனிக்ஸில் பம்பு நீரை ஏற்றும் உயரம் ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் அடங்கும். அந்த உயரத்து நீர் தரும் அழுத்தம் 0.2 கிலோவைத் தாண்டாது. அப்படியிருக்க, 10 கிலோ தாங்கும் கனத்த குழாய்க்குக் கூடுதலாகச் செலவிடுவதில் பயன் இல்லை. அந்தப் பணத்தை அகலத்துக்குச் செலவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்: நமக்கு வேண்டியது வலுவான குழாயைவிட அகலமான, ஒளி புகாத, வேண்டும்போது கழற்றித் துடைக்கக்கூடிய குழாய்.

அகலம் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். மீன் தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான நீர் மணிக்கு ஒருமுறையாவது சுழல வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. நம் அமைப்புக்கு அது மணிக்கு 1000 லிட்டர். இந்த நீரை 6 மீட்டர் நீளமுள்ள குழாயில் அனுப்பும்போது உராய்வினால் இழக்கும் உயரத்தை நான் கணக்கிட்டுப் பார்த்தேன். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் அரை அங்குல ஹோஸில், அதாவது 12.5 மி.மீ. உள்விட்டத்தில், இழப்பு ஏறக்குறைய 2.9 மீட்டர். 20 மி.மீ. பிவிசி குழாயின் உள்விட்டத்தைச் சுமார் 17 மி.மீ. என்று கொண்டால் 68 செ.மீ.; 25 மி.மீ. குழாயில் ஏறத்தாழ 20 செ.மீ.; 32 மி.மீ. குழாயில் வெறும் 6 செ.மீ. விட்டம் பாதியானால் உராய்வு இரண்டு மடங்காகும் என்று மனம் எதிர்பார்க்கிறது. உண்மையில், அதே அளவு நீருக்கு அது ஏறத்தாழ முப்பது மடங்காகிவிடுகிறது.

என் முதல் அமைப்பில் பச்சை ஹோஸைத்தான் மாட்டியிருந்தேன். பம்பின் பெட்டியில் மணிக்கு 2500 லிட்டர் என்றும், அதிகபட்ச உயரம் இரண்டரை மீட்டர் என்றும் அச்சிட்டிருந்தது. குழாயின் முனையில் 10 லிட்டர் வாளியை வைத்துப் பிடித்தபோது அது நிரம்ப ஒன்றரை நிமிடம் ஆயிற்று. அதாவது மணிக்கு 400 லிட்டர். பம்பு பழுது என்று எண்ணி வேறு பம்பு வாங்கப் புறப்பட்ட என்னை, தெருவில் பிளம்பிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் தடுத்து, குழாயை மாற்றிப் பார்க்கச் சொன்னார். அதே பம்பில் 32 மி.மீ. குழாயைப் பொருத்தியதும் வாளி சுமார் 40 விநாடியில் நிரம்பியது. பெரிய பம்பு வாங்கியிருந்தால் அது ஒவ்வொரு நாளும், இருபத்துநான்கு மணி நேரமும் மின்சாரத்தைத் தின்றிருக்கும். குழாய்க்கோ ஒருமுறை செலவிட்டால் போதும்.

இனிப் பொருள்களை ஒப்பிடுவோம்.

முதலில் வைக்க வேண்டியது, நம் ஊரில் பிவிசி என்றே எல்லாரும் அழைக்கும் யுபிவிசி குழாய். இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. வயல் பாசனத்திலும் குடிநீர்த் திட்டங்களிலும் பயன்படும் குழாய்கள் ஐஎஸ் 4985 என்ற இந்தியத் தரத்தின்படி 20, 25, 32, 40, 50, 63 மி.மீ. என்று வெளிவிட்டத்தால் அளக்கப்படுகின்றன. வீட்டு பிளம்பிங்குக்கு வரும் வெள்ளைக் குழாய்கள் பலவும் அமெரிக்கத் தரத்தைப் பின்பற்றி அங்குலத்தில், ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 என்று விற்கப்படுகின்றன. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஓர் அங்குல ஷெட்யூல் குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ.; ஓர் அங்குலம் என்றே பேச்சில் குறிப்பிடப்படும் மற்றக் குழாயின் வெளிவிட்டம் 32 மி.மீ. இந்த 1.4 மி.மீ. இடைவெளியைக் குழாய் ஒட்டும் பேஸ்ட் பூசி அடைத்துவிடலாம் என்று நினைத்தால், சில வாரங்களில் அந்த இணைப்பில் நீர் கசியும். எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் குழாய், எல்போ, டீ, பால் வால்வு, டேங்க் நிப்பிள் அனைத்தையும் அதே குடும்பத்தில் எடுப்பதே முறை. மாடி அமைப்புக்கு நான் தேர்ந்தெடுப்பது ஐஎஸ் 4985 முத்திரையுள்ள, கிடைப்பதில் குறைந்த அழுத்த வகைக் குழாய். அதன் சுவர் மெல்லியதாக இருப்பதால் அதே வெளிவிட்டத்தில் உள்விட்டம் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கிறது; விலையும் குறைவு.

அந்த ஐஎஸ் முத்திரைக்குத் தனிப் பொருள் உண்டு. பிவிசியை உருக்கி வார்க்கும்போது அது சிதையாமல் இருக்கச் சேர்க்கப்படும் நிலைப்படுத்திகளில் ஈயச் சேர்மங்கள் நெடுங்காலம் பயன்பட்டன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பிவிசி குழாய்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்துவதற்கென்றே 2021-ஆம் ஆண்டில் விதிகளை வெளியிட்டது. நாம் உண்ணப்போகும் மீனும் கீரையும் அந்த நீரிலேயே வளர்வதாலும், வீட்டுக் குடிநீர்க் குழாய்போல் நீர் ஒருமுறை கடந்து போகாமல் மாதக்கணக்கில் அதே குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பதாலும், முத்திரையற்ற மலிவுக் குழாயையும், மின்கம்பி செலுத்துவதற்கான எலக்ட்ரிக்கல் பைப்பையும் முழுவதுமாகத் தவிர்க்க வேண்டும். எலக்ட்ரிக்கல் பைப் மலிவாகக் கிடைக்கிறது என்று அதைப் பயன்படுத்துவோர் உண்டு. அது நீருக்காகச் செய்யப்பட்டதே அல்ல.

சிபிவிசி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீருக்கென வந்த குழாய் அது. ஏறக்குறைய 90 டிகிரி வரை தாங்கும். மீன் தொட்டியில் வெந்நீர் இல்லை. விலையும் கூடுதல், அதன் வெளிவிட்டம் மேலே சொன்ன இரண்டு குடும்பங்களோடும் சேராது. வீட்டு வேலையில் மிஞ்சிய துண்டுகள் இருக்கின்றன என்பதற்காக அவற்றை நடுவில் புகுத்தினால் இணைப்புகள் பெருகி, கசிவதற்கான இடங்களும் பெருகும்.

சொட்டுநீர்ப் பாசனத்தில் பழக்கமான கறுப்புக் குழாய், அதாவது 16 மி.மீ. லேட்டரல், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது. அதன் நற்குணங்கள் உண்மையானவை. கறுப்பு நிறத்தைத் தரும் கார்பன் வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து அதைக் காப்பதால் மாடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் அது எளிதில் நொறுங்காது. பேஸ்ட் இல்லாமல் கனெக்டரைச் செருகினாலே இணைந்துவிடும். வளைத்து எங்கும் கொண்டுசெல்லலாம். ஆனால் அதைப் பிரதான குழாயாக வைத்தால் மேலே கண்ட உராய்வுக் கணக்கு நம்மைத் தண்டிக்கும். சொட்டுவான்களையும் 4 மி.மீ. மைக்ரோ டியூபையும் அக்வாபோனிக்ஸில் நான் பரிந்துரைக்கவே மாட்டேன். மீன் கழிவின் நுண்துகள்களும், குழாயின் உட்சுவரில் வழவழப்பாகப் படரும் நுண்ணுயிர்ப் படலமும் அந்தச் சிறு துளைகளை விரைவில் அடைத்துவிடுகின்றன; உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்துகொள்ளும். வயலில் ஒரு சொட்டுவான் அடைத்தால் ஒரு செடி வாடும். இங்கே அடைப்பு நீரோட்டத்தையே குறைப்பதால் மீனுக்கும் மூச்சு முட்டும். வடிகட்டி வைத்திருந்தால் அதற்குப் பின்னால், படுகையின் மேல் வளையமாக வைத்து 6 மி.மீ. அல்லது அதற்கும் பெரிய துளைகள் இட்டு நீரைப் பரப்புவதற்கு மட்டும் லேட்டரல் பொருந்தும்.

வளையும் குழாய்களில் இன்னும் சில உண்டு. கண்ணாடிபோல் தெளிந்த ஹோஸ் உள்ளே ஓடும் நீரைக் காட்டுவதால் முதல் வாரத்தில் மனதுக்குப் பிடிக்கும். வெளிச்சம் புகுவதால் சில வாரங்களில் உட்புறம் பாசி படர்ந்து, பிறகு அது திட்டுத்திட்டாகப் பிய்ந்து போய் அடுத்த வளைவில் தேங்கும். பம்பின் உறிஞ்சலுக்குப் பயன்படும் சுருள் ஹோஸின் உட்புறம் மேடும் பள்ளமுமாக இருந்தால் ஒவ்வொரு பள்ளமும் கழிவு தேங்கும் கிண்ணம்தான். பச்சைத் தோட்ட ஹோஸ் சித்திரை வெயிலில் இளகி வளைவில் மடிந்துவிடும். நீரோட்டம் நின்றது யாருக்கும் தெரியாது. எனவே பம்பின் வாயிலிருந்து பிவிசி குழாய் தொடங்கும் இடம்வரை ஓரடி நீளத்துக்கு, நூல் பின்னிய ஒளி புகாத ஹோஸை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப்போடு பயன்படுத்துகிறேன். பம்பின் அதிர்வு குழாய்க்குக் கடக்காமல் இருப்பதற்கும், பம்பை வெளியே எடுத்துத் துடைப்பதற்கும் அந்த ஓரடி உதவுகிறது. அதற்குமேல் வளையும் குழாய் எங்கும் தேவைப்படவில்லை.

உலோகத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: வேண்டாம். மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது நீர் மெல்ல மெல்ல அமிலத் தன்மை பெறுகிறது. அந்த நீரில் ஜிஐ குழாயின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின், துத்தநாகமும் செம்புக் குழாயின் செம்பும் கரைகின்றன. இரண்டும் மீனுக்கு நஞ்சு. குழாய் முழுவதையும் பிவிசியில் போட்டுவிட்டுக் கடைசியில் ஒரு பித்தளை வால்வை மாட்டுவோர் உண்டு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்ததே என்பதை மறக்கக் கூடாது. பிளாஸ்டிக் பால் வால்வே போதும்.

இனி, தானாக இறங்கும் நீர். தவறுகள் மிகுதியாக நேர்வதும், அவற்றால் வரும் இழப்பு பெரிதாவதும் இங்கேதான். பம்பு தள்ளும் குழாயில் அடைப்பு வந்தால் நீர் வரத்துக் குறையும். இறங்கும் குழாயில் அடைப்பு வந்தால் மேல்தொட்டி வழிந்து, சம்பு வற்றி, பம்பு காற்றைக் குடித்துக் கருகும். பம்புக்கு இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் வலு இருக்கிறது. இறங்கும் நீருக்கோ மீன் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் இடையே உள்ள சில சென்டிமீட்டர்தான் வலு. ஆகவே ஏற்றும் குழாய் 32 மி.மீ. என்றால் இறக்கும் குழாய் 50 மி.மீ.க்குக் குறையலாகாது. இரண்டு படுகைகளின் வடிகாலும் ஒன்றுசேரும் இடத்தில் 63 மி.மீ. நல்லது.

அப்படியானால் 110 மி.மீ. இன்னும் நல்லதல்லவா என்று கேட்கலாம். அகலத்துக்கும் எல்லை உண்டு. நீர் மெதுவாக ஊர்ந்தால் கழிவு அடியில் படியும். மணிக்கு 1000 லிட்டர் நீர் 50 மி.மீ. குழாயை முழுதாக நிரப்பிக்கொண்டு ஓடினால் அதன் வேகம் நொடிக்கு 20 செ.மீ.கூட இருக்காது. ஆகவே மீன் தொட்டியிலிருந்து படுகைக்குப் போகும் குழாயை இயன்றவரை குறுகிய தூரத்தில், மீட்டருக்கு 2 செ.மீ. சரிவோடு அமைத்தால், நீர் குழாயை நிரப்பாமல் அடிப்பகுதியில் மட்டும் வேகமாக ஓடிக் கழிவையும் இழுத்துச் செல்லும். இரண்டு எல்போக்களுக்கு மேல் வேண்டாம். எல்போ வரும் இடத்தில் அதற்குப் பதிலாக ஒரு டீயைப் போட்டு, அதன் திறந்த வாயை எண்ட் கேப்பால் பேஸ்ட் இல்லாமல் மூடி வைத்தால், அடைப்பு வரும் நாளில் கேப்பைக் கழற்றிப் பாட்டில் தூரிகையை உள்ளே விடலாம். இந்தச் சிறிய ஏற்பாடு என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

மீன் தொட்டியின் வெளியேற்றுக் குழாயைத் தொட்டியின் அடியில் துளையிட்டுப் பொருத்துவது எளிதாகத் தோன்றும். செய்யாதீர்கள். அந்த இணைப்பு ஒருநாள் விட்டுப்போனால் தொட்டி முழுவதும் காலியாகி மீன்கள் இறந்துவிடும். துளை மேலே, நீர்மட்டத்தில் இருக்கட்டும். அதிலிருந்து தொட்டிக்குள் ஒரு டீயின் வழியே குழாயை அடிவரை இறக்கினால், கழிவு தங்கும் அடிநீரே மேலேறி வழியும். அந்த டீயின் மேல்வாயைத் திறந்தே வைக்க வேண்டும். அதை மூடிவிட்டால் குழாய் சைஃபனாக மாறித் தொட்டியை அடிவரை உறிஞ்சிவிடும். காற்றுக்கு வழிவிடும் அந்த ஒரு திறந்த வாய் இருந்தால், குழாயில் எங்கே உடைந்தாலும் மீனுக்குத் தொட்டி நிறைய நீர் மிஞ்சும்.

படுகை ஒரு மட்டம்வரை நிரம்பியதும் நீரை ஒரேயடியாக உறிஞ்சி இறக்கிவிட்டு, மறுபடி நிரம்பவிடும் பெல் சைஃபனுக்குக் குழாய் தேர்வு இன்னும் நுட்பமானது. நட்டநடுவே நிற்கும் குழாய் 25 மி.மீ., அதைக் கவிழ்த்து மூடும் மணிக்குழாய் 63 அல்லது 75 மி.மீ., ஜல்லி உள்ளே வராமல் தடுக்கும் வெளிக்குழாய் 110 மி.மீ. என்ற கூட்டு எனக்கு நன்றாக வேலை செய்கிறது. நிற்கும் குழாயின் தலையில் 50 மி.மீ.யிலிருந்து 25 மி.மீ.க்குக் குறையும் ரெட்யூசரைப் புனல்போல் வைத்தால் சைஃபன் தடுமாறாமல் தொடங்கும். அகலம் நல்லது என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே, இந்த ஒரு குழாயில் மட்டும் அகலத்தைக் கூட்ட வேண்டாம் என்கிறேன். 40 மி.மீ. போட்டால், வரும் நீர் அதன் விளிம்பில் மெல்லியதாக வழிந்துகொண்டே இருக்குமே தவிர, குழாயை நிரப்பிச் சைஃபனைத் தொடங்காது. படுகையும் வடியாது, வேர்களுக்குக் காற்றும் கிடைக்காது. சைஃபன் தொடங்கியபின் நீர் வரத்தைப் போல் சில மடங்கு வேகத்தில் இறங்கும் என்பதால், அதன் வாய் அகன்ற 50 அல்லது 63 மி.மீ. குழாய்க்குள் இடைவெளியோடு, தளர்வாகக் கொட்ட வேண்டும். இறுக்கமாக இணைக்கக் கூடாது.

கழிவுநீருக்கான எஸ்டபிள்யூஆர் குழாய் 75, 110 மி.மீ. அளவுகளில் மலிவாகக் கிடைக்கிறது. ரப்பர் வளையத்தில் செருகும் இணைப்பு என்பதால் கழற்றுவதும் எளிது. அது குடிநீருக்கான தரத்தில் வருவதில்லை. ஆகவே நான் அதை அமைப்பின் நீரோட்டத்துக்குள் விடாமல், மழைக்காலத்தில் சம்பு நிரம்பி வழியும் நீரைச் செடித் தோட்டத்துக்குக் கொண்டுசெல்ல மட்டும் வைத்திருக்கிறேன். 110 மி.மீ. குழாயில் வட்டத் துளைகளிட்டு அதிலேயே கீரை நடும் முறையைப் படங்களில் பார்த்துப் பலர் விரும்புகிறார்கள். குழாயின் அடியில் மெல்லியதாக ஓடும் நீர் நம் கோடையில் விரைவாகச் சூடேறுவதாலும், வேர்கள் பின்னி வழியை அடைப்பதாலும், முதல் அமைப்புக்கு அது ஏற்றதல்ல என்பது என் முடிவு.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை பிவிசி மாடியில் சில ஆண்டுகளில் வெளிறி, சுண்ணாம்புபோல் உதிர்ந்து, தட்டினால் உடையும் நிலைக்கு வரும். மெல்லிய வெள்ளைக் குழாயில் ஒளியும் ஓரளவு ஊடுருவும். குழாயை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, முதலில் அடர்நிற எமல்ஷன் ஒரு பூச்சும், அதன்மேல் வெள்ளை எமல்ஷன் ஒரு பூச்சும் கொடுத்தால், ஒளி உள்ளே புகாது, வெப்பமும் ஏறாது. நீர் இல்லாமல் வெயிலில் கிடக்கும் 6 மீட்டர் குழாய் 30 டிகிரி வேறுபாட்டில் சுமார் 12 மி.மீ. நீளும். சுவரில் பிடிக்கும் கிளாம்புகளை இறுக்காமல் குழாய் நகர இடம் விட வேண்டியது அதனால்தான்.

பேஸ்ட் எங்கே பூசுவது என்பதும் தேர்வில் சேர்ந்ததே. பம்பு தள்ளும் பகுதியின் இணைப்புகளுக்கு அது வேண்டும். ஆனால் பம்பின் அருகிலும் மீன் தொட்டியின் அருகிலும் திருகிக் கழற்றும் இணைப்பான யூனியன் ஒவ்வொன்று இருந்தால் குழாயை அறுக்காமலே கழற்றலாம். இறங்கும் பகுதியில் அழுத்தமே இல்லாததால் பெரும்பாலான இணைப்புகளைச் செருகிவிட்டாலே போதும்; பின்னால் படுகையை நகர்த்தவோ, குழாயைத் துடைக்கவோ அது வசதி. ஒட்டிய குழாய்களை ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, நல்ல நீரை ஓடவிட்டுக் கொட்டிய பிறகே மீன் விட வேண்டும்.

காற்று பம்பிலிருந்து மீன் தொட்டிக்குக் காற்று ஊட்டும் குழாய்க்கு மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் 4 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிக்கோன் டியூப் போதும். சாதாரண டியூப் வெயிலில் விறைத்து வெடித்துவிடுகிறது. காற்று பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். முடியாவிட்டால், நீர் திரும்பி வராமல் தடுக்கும் சிறு வால்வு ஒன்றை டியூபின் நடுவே செருக வேண்டும். மின்வெட்டின்போது தொட்டி நீர் அந்த டியூபின் வழியே பம்புக்குள் இறங்கி, மின்சாரம் திரும்பும்போது பம்பு எரிந்துபோவது எங்கள் வீட்டிலேயே நடந்தது.

கடைக்குப் போகும்போது அளவை எண்ணாக மட்டும் சொல்லாமல், ஏற்கெனவே மாட்டியிருக்கும் குழாயில் விரற்கடை நீளத் துண்டு ஒன்றை அறுத்து எடுத்துச் செல்லுங்கள். ஓர் அங்குலம் என்று கேட்டால் மூன்று வேறு அளவுகளில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். வாங்கும் ஒவ்வொரு எல்போவையும் டீயையும் அந்தத் துண்டில் செருகிப் பாருங்கள்: பேஸ்ட் இல்லாமல், பாதி ஆழம் வரை எளிதாகச் சென்று அதன்பின் இறுகினால் அது உங்கள் குழாய்க்கு உரியது, தளர்வாக முழுதும் உள்ளே போனால் அதை அங்கேயே வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.